பியானோ வாசிக்கும்போது மூச்சு ஏன் நின்றுபோகிறது?

புல்லாங்குழல் வாசிப்பவரால் மூச்சை மறக்க முடியாது. மறந்தால் இசையே நின்றுவிடும். பியானோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூச்சு ஓடினாலும் நின்றாலும் 88 கட்டைகளும் ஒலிக்கும். அதனால்தான் பலர் தம் கட்டிக்கொண்டு வாசிப்பது அவர்களுக்கே தெரிவதில்லை. கடினமான இடம் தாண்டியதும் 'உஸ்' என்று பெருமூச்சு வந்தால், அதுவரை அடக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

மூச்சின் தாளத்தை நடத்துவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. ஆனால் பேசவும் பாடவும் வசதியாக, பெருமூளையும் இதில் தலையிடலாம். கவனம் முழுக்க விரலில் குவியும்போது குரல்வளை தானாக மூடிக்கொள்வதுண்டு. உள்ளே அடைபட்ட காற்று நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. பாரம் தூக்கும்போதும் உடல் இதைத்தான் செய்கிறது. அங்கே அது தேவை. பியானோ முன் அந்த இறுக்கத்துக்கு வேலையே இல்லை.

ஆக்சிஜன் குறைந்துதான் விரல் தடுமாறுகிறது என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான ஒருவர் பத்து விநாடி மூச்சை அடக்கினால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறையாது. ஏறுவது கார்பன் டை ஆக்சைடு. மூச்சு விடச் சொல்லி நெருக்குவதும் முக்கியமாக அதுதான். அப்புறம் அவசரமாக இழுக்கும் மூச்சுக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையோடு கழுத்துத் தசைகளும் சேர்ந்துகொள்ளும். தோள் காதை நோக்கி ஏறும். ஏறிய தோளிலிருந்து கையின் எடை கட்டைமேல் இயல்பாக இறங்காது. மணிக்கட்டு விறைக்கும், ஒலியும் கடினமாகும். விரல் பயிற்சியை மட்டும் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது என்பேன்.

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்டு பதிவுசெய்த இசையில் பியானோவோடு அவர் முனகுவதும் கேட்கும். முனகும்போது குரல்வளை முழுதாக மூடியிருக்க முடியாது, காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். வீட்டில் பயிற்சி செய்யும்போது மெட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் அறுகிறதோ, அங்கேதான் மூச்சையும் பிடிக்கிறீர்கள். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் இசைத்தாளில் பென்சிலால் ஒரு காற்புள்ளி போட்டு, அங்கே மூச்சை வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம்: மூச்சு வெளியேறும்போது இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்று நிதானமாகும், தோளும் இறங்கும்.