ஊறல் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள்

பெரும்போக அறுவடை முடிந்தால் வன்னியின் அரிசி ஆலைகளுக்கு ஓய்வில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கிற வேலை இரவும் பகலும் நடக்கும். கழிவுநீர் வேலையாக நான் அதிகம் போவதும் அந்த மாதங்களில்தான்.

ஒரு ஆலையின் பின்பக்கம் ஊறல் தண்ணீரைப் போத்தலில் அள்ளினேன். கடும் சாயத் தேத்தண்ணி நிறம், மேலே நுரை, புளித்த கஞ்சி மணம். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 5க்கும் கீழே காட்டியது, அதாவது நல்ல புளிப்பு. கழிவிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதே பி.ஓ.டி. குளம், ஆறுகளில் விடும் ஆலைக் கழிவில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இலங்கைச் சட்டம். ஊறல் தண்ணீர் அதைப் பல மடங்கு தாண்டும்.

முதலாளி கேட்டார்: "தம்பி, இதில பாசி வளர்த்து டீசல் எடுக்கலாமாம். உண்மையே?"

"எடுக்கலாம் ஐயா. ஆனா உங்களுக்குக் கட்டாது. காஸ் எடுங்கோ" என்றேன்.

காரணம் இதுதான். நன்றாக வளர்ந்த பாசிக் குட்டையிலும் ஒரு லீற்றரில் அரைக் கிராம் உலர்பாசி இருந்தாலே பெரிது. ஆயிரம் லீற்றரை வடித்தால் அரைக் கிலோ. வடிக்கவும் காயவைக்கவும் போகிற செலவு, டீசலாக்க அதிலிருந்து எடுக்கும் எண்ணெயின் பெறுமதியை விழுங்கிவிடும். இன்னொன்று, பாசி எண்ணெயைச் சேர்ப்பது பெரும்பாலும் நைதரசன் கிடைக்காமல் பட்டினி கிடக்கும்போது. கழிவுநீரிலோ நைதரசன் தாராளம்; பாசி எண்ணெய் சேர்க்காமல் பெருகிக்கொண்டே போகும். அமெரிக்க அரசு பாசி எரிபொருளுக்கென்றே 1978 முதல் 1996 வரை ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தி, பெற்றோலிய விலையோடு போட்டிபோட முடியாமல் நிறுத்தியது. டீசல் வரும் என்று யாராவது ஆசைகாட்டினால், பணம் கொடுக்க முன் இந்தச் செலவுக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

காஸ் வேறு கதை. காற்றுப் புகாத தொட்டியில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் மாப்பொருளை அமிலமாக்கும், இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீதேன் என்ற எரிவாயுவாக்கும்; அதுதான் காஸ். முதல் கூட்டத்துக்கு வேகம் அதிகம். பின்னதுக்குப் பொறுமை வேண்டும், புளிப்பும் ஆகாது. நான் முதலில் பார்த்த தொட்டியில் ஒரே நாளில் அளவுக்கு மீறி ஊறல் தண்ணீரை விட்டோம். மூன்றாம் நாள் குமிழியே இல்லை, தொட்டி புளித்துப்போயிருந்தது. பிறகு சுண்ணாம்பும் பக்கத்துப் பட்டியின் மாட்டுச் சாணமும் போட்டு, ஊறல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வாரக்கணக்கில் காத்திருந்த பின் நீலச் சுவாலை வந்தது. 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

தொட்டியைத் தாண்டி வருகிற தண்ணீரில் இன்னும் நைதரசனும் பொசுபரசும் இருக்கும். பாசிக்கு வேலை அங்கேதான். அதற்கான குட்டைக்கு முழங்கால் ஆழம்கூட வேண்டாம், 30 சென்ரிமீற்றர் போதும். வெயில் அடிவரை இறங்க வேண்டும். பாசி ஒட்சிசன் கொடுக்கும், பற்றீரியா மிச்ச அழுக்கைத் தின்று காபனீரொட்சைட்டைத் திருப்பிக் கொடுக்கும். கலிபோர்னியாவில் வில்லியம் ஒஸ்வால்ட் என்ற ஆய்வாளர் 1950களில் விளக்கிய கூட்டு இது. எங்கள் வெயிலுக்கு நன்றாகவே பொருந்தும். வடித்த பாசியைத் தொட்டியிலேயே போட்டால் அதுவும் காஸாகும்.

வாய்க்காலில் விட்டாலும் பாசி வளரத்தான் செய்யும், குளத்தில். இரவில் அது ஒட்சிசனை இழுக்க, விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வரும். நீலப்பச்சைப் பாசி சிலவற்றின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அந்தக் குளத்தில்தான் மாடும் குடிக்கிறது, பிள்ளைகளும் குளிக்கிறார்கள்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: எதற்காகவும் உள்ளே இறங்காதீர்கள். கூழ்முட்டை மணம் வீசும் வாயு அளவு மீறினால் மூக்குக்கே தெரியாமல் போய்விடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போவார். பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

அடுத்த அறுவடைக்குத் தயாராக நினைப்பவர்கள் ஆவணிக்குள் தொட்டியைக் கட்டி, மாரிக்கு முன் சாணம் போட்டுப் பழக்கத் தொடங்குங்கள். மாசியில் ஊறல் தண்ணீர் வரும்போது நுண்ணுயிர்கள் பசியோடு காத்திருக்க வேண்டும்.