எக்செலென்சியா: மேன்மையா, தகைமையா?

எக்செலென்சியா ஸ்பானியச் சொல். ஆங்கிலத்தின் எக்ஸலன்ஸ் இதற்கு உடன்பிறப்பு. இரண்டையும் பெற்றது லத்தீன். அகராதியைப் புரட்டினால் மேன்மை, சிறப்பு, உன்னதம் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். ஏதாவது ஒன்றை எடுத்து எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அமெரிக்காவில் இந்தச் சொல் இப்போது கல்லூரிகளுக்குத் தரப்படும் ஒரு முத்திரையின் பெயர். லத்தினோ மாணவர்களை, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களை, சேர்ப்பதோடு நில்லாமல் பட்டம் வாங்கவும் வைக்கும் கல்லூரிகளுக்கே அது கிடைக்கிறது. அந்தப் பொருளோடு வைத்துப் பார்த்தால் மூன்று சொற்களும் ஏதோ ஒரு பக்கத்தில் இடிக்கின்றன.

முதலில் வேர். லத்தீனில் எக்ஸ் என்பது ‘வெளியே’ என்ற பொருள் தரும் முன்னொட்டு. அதோடு சேரும் வினைப்பகுதிக்கு உயர்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் குன்றைக் குறிக்கும் ஹில் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆக, சுற்றியிருப்பவற்றைத் தாண்டி மேலெழுந்து நிற்பது என்பதே மூலப்பொருள். ஸ்பானியர் இதை மரியாதைப் பட்டமாகவும் வழங்குகிறார்கள். தூதர், குடியரசுத் தலைவர் போன்றோரின் பெயருக்கு முன்னால் ‘சு எக்செலென்சியா’ என்று போடுவார்கள். நாம் அதே இடத்தில் ‘மேதகு ஆளுநர்’ என்கிறோம். இலங்கையில் ஒருபடி கூடுதலாக ‘அதிமேதகு சனாதிபதி’. மே என்றால் மேன்மை, தகு என்றால் தகுதல். லத்தீனில் உயரம் மட்டுமே உண்டு. தமிழில் உயரத்தோடு தகுதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் வேண்டியிருக்கும்.

முத்திரையை வழங்குவது ‘எக்செலென்சியா இன் எஜுகேஷன்’ என்ற அமைப்பு. சரிதா பிரவுன், டெபோரா சாண்டியாகோ என்ற இருவர் 2004இல் வாஷிங்டனில் தொடங்கியது. பெயரில் பாதி ஸ்பானியம், பாதி ஆங்கிலம். அடுத்த ஆண்டே ‘எக்செலென்சியாவின் எடுத்துக்காட்டுகள்’ என்ற பெயரில், லத்தினோ மாணவர்களுக்குக் கைகொடுத்து, அதற்குச் சான்றும் காட்டும் திட்டங்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து அறிவிக்கத் தொடங்கினார்கள். இரண்டாண்டுப் பட்டயம், இளநிலை, முதுநிலையும் அதற்கு மேலும், சமூக அமைப்புகள் என நான்கு பிரிவுகள். எடுத்துக்காட்டு என்ற தமிழ்ச் சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. பலவற்றிலிருந்து ஒன்றை எடுத்து ஊருக்குக் காட்டுவதுதான் அவர்கள் செய்யும் வேலை.

எடுத்துக்காட்டு ஒரு தனித் திட்டத்துக்கு உரியது. 2019இல் வந்த முத்திரை கல்லூரி முழுமைக்கும் உரியது. விண்ணப்பிக்கும் கல்லூரி மூன்றைக் காட்டியாக வேண்டும்: தரவு, நடைமுறை, தலைமை. லத்தினோ மாணவர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கை மாற்ற என்ன செய்தார்கள் என்ற விவரம். நிர்வாகத்தின் மேல்மட்டம் இதைத் தன் பொறுப்பாக ஏற்றிருக்கிறதா என்பது மூன்றாவது. முத்திரை மூன்றாண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு விதியே முத்திரையை மற்றப் பட்டங்களிலிருந்து பிரித்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இப்படி ஒரு முத்திரை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இன்னொரு சொல்லைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் ‘ஹிஸ்பானிக் சர்விங் இன்ஸ்டிடியூஷன்’ என்று ஒரு வகை உண்டு. இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானியராக, அதாவது ஸ்பானிய மொழி வழியினராக, இருந்தால் அந்தக் கல்லூரி இந்த வகைக்குள் வரலாம். ஒரு மாணவருக்குக் கல்லூரி செய்யும் செலவு, ஏழை மாணவர் அளவு பற்றிய வேறு நிபந்தனைகளும் உண்டு. 1992இல் சட்டத்தில் இடம்பெற்றது; 1998இல் இதற்கென்று தனி நிதித் தலைப்பும் கிடைத்தது. ‘சர்விங்’ என்றால் பணியாற்றுவது. ஆனால் சட்டம் எண்ணுவது தலைகளை மட்டுமே. மெக்சிகோ எல்லையோர நகரம் ஒன்றில் கல்லூரி கட்டினால் கால்வாசி மாணவர் தானாகவே வந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் நடுவில் நின்றுபோனாலும் பெயர் ‘பணியாற்றும் நிறுவனம்’தான். டெபோரா சாண்டியாகோவும் ஜினா கார்சியா போன்ற ஆய்வாளர்களும் இந்த இடைவெளியைத்தான் விடாமல் சுட்டிக்காட்டி வந்தார்கள்: சேர்ப்பது வேறு, பணியாற்றுவது வேறு.

முத்திரை பெற்ற முதல் ஒன்பது நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் அதில் இருந்தது; அதன் மாணவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஹிஸ்பானியர். வளாகத்திலிருந்து பார்த்தால் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம் தெரியும். அதே பட்டியலில் மிச்சிகனின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகமும் இருந்தது. அங்கே லத்தினோ மாணவர்கள் 25 விழுக்காட்டுக்கு அருகில்கூட இல்லை. சட்டத்தின் கணக்கில் அது எந்த வகையிலும் சேராது. முத்திரையின் கணக்கில் சேர்ந்தது.

எல் பாசோ பல்கலைக்கழகத்தை 1988 முதல் 2019 வரை நடத்திய டயானா நட்டாலிசியோ, ‘அணுகலும் மேன்மையும்’ என்ற இரட்டைச் சொல்லையே அதன் குறிக்கோளாக்கினார். பலரை உள்ளே விட்டால் தரம் போய்விடும் என்று நம்மூரிலும் சொல்வார்கள் அல்லவா? அந்த வாதத்துக்கு அவர் கொடுத்த பதில் அது.

நல்ல திட்டம் என்றால் எப்படியிருக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று: புவென்தே. ஸ்பானியத்தில் பாலம் என்று பொருள். 1981இல் கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் உள்ள சாபோ கல்லூரியில், ஃபெலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பாட்ரிசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் தொடங்கினார்கள். லத்தினோ மாணவர்களின் மதிப்பெண் பதிவேடுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப் படித்தபோது மூன்று செய்திகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. அந்த மாணவர்கள் ஆலோசகரிடம் போவதில்லை. கல்லூரி நிலை எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்வதில்லை. குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை அவர்கள். திட்டம் அந்த மூன்றுக்கும் நேர்மருந்தாக அமைந்தது. ஓராண்டு முழுக்கத் தொடர்ந்து எழுத்து வகுப்பு, அந்த மாணவர்களுக்கென்றே ஓர் ஆலோசகர், ஊரில் வேலையில் இருக்கும் ஒருவர் வழிகாட்டி. மாணவர்கள் தம் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதத் தொடங்கி மெல்ல ஆய்வுக் கட்டுரைக்குப் போவார்கள். பதிவேட்டைப் படித்துவிட்டுத் திட்டம் தீட்டியவர்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். பெரும்பாலும் திட்டம் முதலில் வரும், பதிவேட்டை யாரும் திறப்பதே இல்லை.

லத்தினோ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘லத்தினோஅமெரிக்கானோ’ என்ற நீண்ட ஸ்பானியச் சொல்லின் சுருக்கம் இது. லத்தீன் அமெரிக்க வழிவந்தவர் என்று பொருள். ஹிஸ்பானியர் என்பது ஸ்பானிய மொழியை, ஸ்பெயினை வைத்து வந்த பெயர். பிரேசில்காரர் லத்தினோ ஆகலாம், ஹிஸ்பானியர் ஆவது கடினம். ஸ்பெயின்காரர் இதற்கு நேர்மாறு. அமெரிக்க அரசு இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுகிறது. தமிழில் சிலர் ‘லத்தீன் மாணவர்கள்’ என்று எழுதுகிறார்கள். வேண்டாம். நமக்கு லத்தீன் என்றால் பழைய மொழி, இல்லையென்றால் லத்தீன் கத்தோலிக்கர். லத்தினோ என்றே எழுதலாம்.

இனி தமிழ்ச் சொல். ‘சிறப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அதன் தலையில் வேலை அதிகம். சிறப்பு ரயில், சிறப்புப் பேருந்து, சிறப்புக் காட்சி. பள்ளியில் சிறப்பு வகுப்பு என்றால் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளைகளை உட்காரவைத்து நடத்துவது. ‘சிறப்புத் திட்டம்’ என்று எழுதினால் படிப்பவர் தனியாக ஒதுக்கிய திட்டம் என்றே கொள்வார். ‘உன்னதம்’ வடமொழி, உயர்ந்து நிற்பது என்ற பொருளில் லத்தீன் வேருக்கு மிக நெருக்கம். ஆனால் அது போற்றுவதற்கான சொல். மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் முத்திரைக்கு ஒட்டாது. ‘விழுப்பம்’ குறளில் ஒழுக்கத்தோடு வரும் அருமையான சொல். இன்று எழுதினால் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். ‘மேன்மை’ தவறில்லை, ஆனால் உயரத்தை மட்டும் சொல்கிறது.

எனக்குப் படுவது ‘தகைசால்’. தகை என்றால் தகுதி, பெருமை, அழகு. சால்தல் என்றால் நிறைதல். ‘தகைசான்ற சொற்காத்துச் சோர்விலாள்’ என்று வள்ளுவர் 56ஆம் குறளில் எழுதியது இந்தச் சேர்க்கைதான். தூசு தட்டி எடுக்க வேண்டிய நிலையிலும் இது இல்லை. தமிழக அரசு 2021இல் ‘தகைசால் தமிழர்’ விருதை ஏற்படுத்தி முதலில் என். சங்கரய்யாவுக்கு வழங்கியது. 2022இல் ‘ஸ்கூல்ஸ் ஆஃப் எக்ஸலன்ஸ்’ என்பதற்குத் ‘தகைசால் பள்ளிகள்’ என்றே பெயரிட்டது. ஒரு வேறுபாடு உண்டு. பள்ளிகளுக்குப் பெயர் முதலில் வந்தது, வசதிகளும் விளைவும் பின்னால் வர வேண்டும். அமெரிக்க முத்திரையில் விளைவைக் காட்டிய பிறகே பெயர். சொல்லின் பொருளுக்கு இரண்டாவது முறையே நெருக்கம்; தகை சான்றபின்தானே தகைசால்? இலங்கைத் தமிழில் ‘தகைமை’ என்றால் கல்வித் தகுதி என்பதும் இந்தத் தேர்வுக்கு வலு சேர்க்கிறது.

அமைப்பின் பெயரை எக்செலென்சியா என்றே விட்டுவிடலாம். பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. முத்திரையைத் ‘தகைசால் முத்திரை’ என்றும், ஆண்டுப் பட்டியலைத் ‘தகைசால் எடுத்துக்காட்டுகள்’ என்றும் எழுதலாம். சட்டம் சொல்லும் அந்த 25 விழுக்காட்டு வகையை ‘ஹிஸ்பானியர் மிகுந்த கல்வி நிறுவனம்’ என்பதே நேர்மை. மூலத்தில் பணியாற்றுதல் என்று இருந்தாலும், தமிழில் எழுதும்போது சட்டம் உண்மையில் எதை அளக்கிறதோ அதைச் சொன்னால் வாசகருக்குக் குழப்பம் வராது.