நெட்வொர்க் பூட் வழியாக ஆபீஸ் முழுவதும் இமேஜ் போடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலிருந்து சிறிய, நடுத்தர அலுவலகங்கள் பலவும் எல்லா சிஸ்டத்தையும் ஒரே மூச்சில் விண்டோஸ் 11-க்கு மாற்றச் சொல்கின்றன. நாற்பது சிஸ்டத்துக்குப் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போவது கட்டுப்படியாகாது. ஒரு சிஸ்டத்தை முழுமையாகத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை இமேஜாக (அப்படியே ஒரு முழு நகலாக) எடுத்து, மற்றவற்றை நெட்வொர்க்கில் பூட் செய்து (சொந்த டிஸ்க்குக்குப் பதிலாக நெட்வொர்க் வழியாகத் தொடங்கவைத்து) அந்த இமேஜை இறக்கிவிடுவதுதான் சரியான வழி. ஃபாக், குளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். நானும் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன். ஆனால் இதைச் செய்கிற பலர், இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அலுவலகத்தின் எந்த டிஸ்க்கையும் அழித்து எழுதக்கூடிய ஒரு வசதியை நெட்வொர்க்கில் நிறுவுகிறோம்.

இது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். பி.எக்ஸ்.இ. என்ற இந்த நெட்வொர்க் பூட் முறையை வகுத்தது இன்டெல். இன்றும் பின்பற்றப்படும் 2.1 வரையறை 1999-ல் வந்தது. சிஸ்டம் ஆன் ஆனதும் நெட்வொர்க் கார்டு ஐ.பி. முகவரி கேட்டு எல்லோருக்கும் பொதுவாகக் குரல் கொடுக்கும். ஐ.பி. முகவரிகளைப் பங்கிடும் டி.எச்.சி.பி. சர்வர், முகவரியோடு சேர்த்து, எந்த சர்வரிலிருந்து எந்த பூட் ஃபைலை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லும். அந்த ஃபைல், ஃபைல் அனுப்பும் எளிய முறையான டி.எஃப்.டி.பி. வழியாக வரும், வந்ததும் ஓடும். பதில் சொன்னவர் யார் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. டி.எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டும் இல்லை, என்கிரிப்ஷனும் இல்லை. இடையில் இருக்கும் ஒரே காவல் செக்யூர் பூட். பூட் ஃபைலுக்கு ஏற்கத்தக்க கையொப்பம் இல்லையென்றால் அது ஓட விடாது. அதனாலேயே இமேஜ் போடும்போது பலர் செக்யூர் பூட்டை அணைக்கிறார்கள். வேலை முடிந்தபின் திரும்ப ஆன் செய்வதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு விண்டோஸ் 7 இமேஜ் தவறுதலாக அங்கிருந்த எல்லா விண்டோஸ் சிஸ்டங்களுக்கும் அனுப்பப்பட்டது. அதன் முதல் வேலையே டிஸ்க்கை ஃபார்மட் செய்வது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் எல்லாம் அகப்பட்டன. விஷயம் தெரிந்து, இமேஜை அனுப்பிய சர்வரை நிறுத்தப் போனபோது அதன் டிஸ்க்கும் அழிந்திருந்தது. பெரிய ஐ.டி. துறை உள்ள இடத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. அதனால் நான் அமைக்கும் பூட் மெனுவில் தானாக ஓடும் தேர்வு எப்போதும் உள்ளூர் டிஸ்க்தான். இமேஜ் போடுவது, ஒருவர் கீபோர்டில் கை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே தொடங்க வேண்டும்.

அமைக்கும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் நாலைந்துதான். அலுவலகத்தில் ஏற்கெனவே ரவுட்டர் ஐ.பி. கொடுத்துக்கொண்டிருக்க, ஃபாக் சர்வரிலும் டி.எச்.சி.பி.யை இயக்கினால் இரண்டும் மோதும், அலுவலகமே இன்டர்நெட் இல்லாமல் நிற்கும். பூட் தகவலை மட்டும் தரும் பிராக்ஸி டி.எச்.சி.பி.யை டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் கொண்டு அமைப்பதே பாதுகாப்பு. திரையில் ‘பி.எக்ஸ்.இ. - ஈ51’ என்று வந்தால் டி.எச்.சி.பி. பதில் வரவில்லை என்று பொருள். சர்வர் நன்றாக இருந்தும் இது வருகிறதென்றால் ஸ்விட்ச்சைப் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் டேட்டா வட்டமடிப்பதைத் தடுக்கும் வசதி) இயங்கும் போர்ட், கேபிள் உயிர்பெற்றதும் வழக்கமாக 30 விநாடி எதையும் கடத்தாமல் காத்திருக்கும். அதற்குள் சில கார்டுகள் பொறுமையிழந்துவிடும். அந்தப் போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்டை இயக்கினால் சரியாகிவிடும். ‘ஈ32’ என்றால் டி.எஃப்.டி.பி. பதில் வரவில்லை. ஃபயர்வாலில் 69-ஆம் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு விழிப்பவர்கள் அதிகம். கேட்பது 69-ல், டேட்டா வருவது வேறொரு போர்ட்டில். பழைய பயாஸ் சிஸ்டத்துக்கும், பயாஸுக்குப் பதிலாக வந்த யூ.ஈ.எஃப்.ஐ. சிஸ்டத்துக்கும் வேறு வேறு பூட் ஃபைல் தர வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 20 ஜி.பி. இமேஜை 40 சிஸ்டத்துக்குத் தனித்தனியாக அனுப்பினால் 800 ஜி.பி. சர்வரின் ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் பழைய 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்ச் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு சிஸ்டத்துக்கே ஏறக்குறைய அரை மணி. ஒரே முறை அனுப்பி எல்லா சிஸ்டத்துக்கும் சேர்க்கும் மல்டிகாஸ்ட் இதற்குத் தீர்வுதான், ஆனால் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் ஸ்விட்ச்சில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் பிரிண்டர், பயோமெட்ரிக் உட்பட எல்லாப் போர்ட்டிலும் அந்த வெள்ளம் பாயும்.

இதையெல்லாம் விட என்னைக் கவலைப்பட வைப்பது, சிஸ்பிரெப் செய்யாமல் எடுக்கும் இமேஜ். ஒரு சிஸ்டத்துக்கே உரிய அடையாளங்களை இமேஜ் எடுக்கும் முன் நீக்கும் விண்டோஸ் கருவிதான் சிஸ்பிரெப்.

விண்டோஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் எஸ்.ஐ.டி. என்ற தனி அடையாளத்தை உருவாக்குகிறது. டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்தால் நாற்பது சிஸ்டத்துக்கும் அதே அடையாளம். 2009-ல் மைக்ரோசாஃப்டின் மார்க் ரஸினோவிச், சிஸ்டங்களுக்குள் எஸ்.ஐ.டி. ஒன்றாக இருப்பதால் பாதுகாப்புச் சிக்கல் வராது என்று எழுதினார். சிஸ்பிரெப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கே.எம்.எஸ். (அலுவலகத்துக்குள்ளேயே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் சர்வர்) வழியாக ஆக்டிவேட் செய்யும் இடங்களில் அப்போதே இதன் விலை தெரிந்தது. 25 சிஸ்டம் பதிவானால்தான் அது ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். அது பார்ப்பது எஸ்.ஐ.டி.யை அல்ல, சி.எம்.ஐ.டி. என்ற வேறோர் அடையாளத்தை. சிஸ்பிரெப் செய்யாவிட்டால் அதுவும் ஒன்றாகவே இருக்கும், நாற்பதையும் ஒன்றாகவே எண்ணும்.

இப்போது நிலைமை இன்னும் கடுமை. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களுக்குப் பிறகு, விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளும் விண்டோஸ் சர்வர் 2025-உம் எஸ்.ஐ.டி.யைச் சோதிக்கின்றன. ஒரே எஸ்.ஐ.டி. உள்ள இரண்டு சிஸ்டங்களுக்கு இடையே லாகின் மறுக்கப்படும். சரியான பாஸ்வேர்ட் கொடுத்தாலும் தவறு என்றே சொல்லும். ஷேர் ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் போகாது. நேற்றுவரை ஓடிய டேலி டேட்டா ஃபோல்டர் இன்று திறக்கவில்லை என்றால் வைரஸ் என்றோ கேபிள் என்றோ தேடி நாளைத் தொலைப்பதற்கு முன், விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 6167 என்ற எண்ணைத் தேடுங்கள். ‘பி.எஸ்.கெட்சிட்’ என்ற இலவசக் கருவி இரண்டு சிஸ்டத்தின் எஸ்.ஐ.டி.யையும் காட்டிவிடும். ஒன்றாக இருந்தால் நிரந்தரத் தீர்வு ஒன்றே ஒன்றுதான்: சிஸ்பிரெப்பில் ‘ஜெனரலைஸ்’ செய்த இமேஜிலிருந்து மறுபடி போட வேண்டும். தற்காலிகமாகச் சமாளிக்க ஒரு குரூப் பாலிசி (விண்டோஸின் நடத்தையை மாற்றும் நிர்வாக அமைப்பு) உண்டு, அதற்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை அணுக வேண்டும்.

சிஸ்பிரெப் செய்பவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் முதலில் தொடங்கும்போது கேட்கும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் தர ‘அன்அட்டெண்ட்’ கோப்பை எழுதி, அதிலே அட்மின் பாஸ்வேர்டையும் வைப்பார்கள். பாஸ்வேர்டை மறைக்கும் வசதி அதில் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி தெரியும். அது என்கிரிப்ஷன் அல்ல, எவரும் திருப்பி எடுக்கக்கூடிய வெறும் பேஸ்64 எழுத்துமுறை. எந்த இணையக் கருவியில் போட்டாலும் உங்கள் பாஸ்வேர்டும், அதோடு ஒட்டியபடி ‘அட்மினிஸ்ட்ரேட்டர்பாஸ்வேர்ட்’ என்ற சொல்லும் அப்படியே வெளிவரும். ஃபாக் சர்வர் தன் இமேஜ் ஃபோல்டரை என்.எஃப்.எஸ். என்ற ஃபோல்டர் பகிர்வு முறை வழியாக நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் படிக்கும்படிதான் இயல்பாகத் திறந்துவைக்கிறது. விருந்தினர் வைஃபை தனி வி-லேனில் (பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கில்) இல்லாத அலுவலகத்தில், வரவேற்பறையில் காத்திருப்பவர்கூட அந்த இமேஜை எடுத்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம்.

அந்தப் பாஸ்வேர்ட் எல்லா சிஸ்டத்திலும் ஒன்றுதானே. ஒரு சிஸ்டத்தில் நுழைந்த ரான்சம்வேர் மற்ற முப்பத்தொன்பதுக்கும் போக அதுவே போதும். டொமைன் (எல்லா சிஸ்டத்தையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள இடமென்றால் 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே இருக்கும் லேப்ஸ் வசதியை இயக்குங்கள். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனிப் பாஸ்வேர்டை அதுவே போட்டு, அதுவே மாற்றிக்கொண்டிருக்கும். டொமைன் இல்லையென்றால் இமேஜில் தற்காலிகப் பாஸ்வேர்டை மட்டும் வைத்து, இறக்கிய அன்றே ஒவ்வொன்றிலும் மாற்றிவிடுங்கள். லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை: சிஸ்டத்தோடு வந்த ஓ.ஈ.எம். விண்டோஸை இமேஜாக எடுத்து மற்றவற்றில் போட அனுமதி இல்லை. அதற்கு, நிறுவனங்கள் வாங்கும் வால்யூம் லைசென்ஸ் வழியாகக் கிடைக்கும் விண்டோஸையே பயன்படுத்த வேண்டும்.

வேலை முடிந்த அன்று மாலை நான் செய்வது இது. பி.எக்ஸ்.இ. சர்வரை நிறுத்திவிடுகிறேன், அடுத்த தேவை வரும்வரை அது ஓடாது. ஒவ்வொரு சிஸ்டத்திலும் செக்யூர் பூட்டை ஆன் செய்து, பூட் வரிசையில் உள்ளூர் டிஸ்க்கை முதலில் வைத்து, பயாஸுக்குப் பாஸ்வேர்ட் போடுகிறேன். ஸ்விட்ச்சில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் வசதி இருந்தால், ஐ.பி. கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வர் செருகியிருக்கும் போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்தும் டி.எச்.சி.பி. பதில் வராதபடி அதை இயக்குகிறேன். நீங்கள் அலுவலகத்தின் உரிமையாளராக இருந்தால், பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த வேலைகள் முடிந்தனவா என்று கேளுங்கள். இரண்டு சிஸ்டத்தின் எஸ்.ஐ.டி.யை உங்கள் கண்முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.