காந்த நானோ பாய்வியல்: சொல் விளக்கம்

பொருள்கள் எப்படி ஓடுகின்றன, உருமாறுகின்றன என்பதை நானோ அளவில் அளப்பது 'நானோரியாலஜி'; காந்தத் துகள்களைக் கொண்டு அளந்தால் அது காந்த நானோரியாலஜி. 'நானோரியாலஜி' என்பதற்குத் தமிழில் நானோ பாய்வியல் என்பதே பொருத்தம். 'ரியோ' என்ற கிரேக்க வேருக்கு ஓடுதல் என்று பொருள். அதிலிருந்து 'ரியாலஜி' என்ற பெயரை 1920-களில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க வேதியியலாளர் யூஜின் பிங்காம். ரியாலஜியைப் 'பாய்மவியல்' என்று எழுதினால் குழப்பம் வரும். அது நீரும் காற்றும் ஓடுவதைப் பற்றிய துறை. கூழ், சளி, பசை போலப் பாதி திண்மமாகவும் பாதி நீர்மமாகவும் இருப்பவையும் ரியாலஜிக்குள் அடங்கும். 'நுண்' என்ற முன்னொட்டு மைக்ரோவுக்குப் போய்விட்டதால் 'நானோ' அப்படியே நிற்கட்டும்.

இதில் முதன்மையாக அளக்கப்படுவது பாகுநிலை, அதாவது விஸ்காசிட்டி. அச்சொல் பறவை பிடிக்கும் பசை தந்த 'விஸ்கம்' என்ற ஒட்டுண்ணிச் செடியிலிருந்து வந்தது. 'பிசுபிசுப்பு' என்பது ஒட்டுவதைச் சொல்கிறது. ஓட்டத்துக்கான தடையைச் சொல்ல 'பாகு'தான் சரி.

அளக்கும் முறை இது. நானோ அளவுக் காந்தத் துகள்கள் சிறிதளவை எடுத்துத் திரவத்தில் கலந்து, 1 மில்லிடெஸ்லாவுக்கும் குறைவான மாறுதிசைக் காந்தப்புலத்தில் வைக்க வேண்டும். புலம் திசை மாறும்போது துகளும் அதோடு திரும்ப முயலும், திரவம் தடுக்கும். இந்தப் பிந்தலின் கால அளவே பிரௌனியத் தளர்வு நேரம். பாகுநிலையையும் துகளின் பருமனையும் (கன அளவையும்) பெருக்கி, அதன் மூன்று மடங்கை வெப்ப ஆற்றலால் (போல்ட்ஸ்மான் மாறிலி × வெப்பநிலை) வகுத்தால் அது கிடைக்கும். 25 டிகிரி செல்சியஸ் நீரில் 50 நானோமீட்டர் விட்டமுள்ள துகளுக்கு ஏறத்தாழ 42 மைக்ரோவிநாடி. அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிப் பார்த்தால், காந்த ஏற்புத்திறனின் (புலத்துக்குத் துகள்கள் எந்த அளவு காந்தமாகின்றன என்பதன்) பிந்தும் பகுதி 3.7 கிலோஹெர்ட்ஸ் அருகே உச்சம் தொடும். எடையில் பாதி கிளிசரால் கலந்த நீரில் அதே உச்சம் 650 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். இப்படித் தெரிந்த கலவைகளில் அளவுதிருத்தம் செய்த பிறகே மாதிரியைத் தொட வேண்டும்.

துகள் தேர்வில்தான் பலருக்கும் சறுக்குகிறது. துகளின் நடுவில் உள்ள காந்தப் பகுதியே கரு. 10 நானோமீட்டர் மேக்னடைட் (ஓர் இரும்பு ஆக்சைடு) கருவில், துகள் அசையாமலே காந்தத் திசை மட்டும் உள்ளுக்குள் புரண்டுவிடும். இது நேயெல் தளர்வு. அப்போது கருவிக்குத் திரவம் இருப்பதே தெரியாது. காந்தத் திசை கருவோடு இறுகப் பிணைந்த கோபால்ட் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் இந்த அளவீட்டுக்கு நல்லது.

இரத்தச் சீரத்தில் புரதம் துகளின் மேல் படியும். விட்டம் 10 சதவீதம் கூடினாலே பாகுநிலை 33 சதவீதம் கூடியதாகக் காட்டும், ஏனெனில் பருமன் விட்டத்தின் மும்மடிப்படி வளர்கிறது. உப்புக் கரைசலில் துகள்கள் திரண்டாலும் இதே பிழை வரும். பாலிமர் கூழில் இதற்கு நேர்மாறு: பாலிமர் சங்கிலிகள் பின்னிய வலையின் கண்ணைவிடச் சிறிய துகள் உள்ளே தாராளமாகச் சுழலும், இறுகிய கூழும் நீர் போலவே கணக்கில் வரும். ஒரே மாதிரியை இரண்டு அளவுத் துகள்களால் அளந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம்.