இரண்டு நாளில் இரட்டிப்பாகாத பீட்டா

முதல் பீட்டா ரிப்போர்ட்டில், அதாவது கர்ப்ப ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையில், 120. இரண்டு நாள் கழித்து எடுத்ததில் 190. நாள் தள்ளிப்போய், வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு பார்த்துப் பூரித்துப்போன ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்க இந்த 190 போதும். "இரண்டு நாளில் இரட்டிப்பாக வேண்டும்" என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அப்படியானால் 240 வந்திருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. ஏன் என்று புரிய, இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

சூலகத்திலிருந்து முட்டை வெளியேறி, கருவுற்று, கருப்பைச் சுவரில் பதிவதற்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நாள் ஆகும். சிலருக்கு 12 நாள்கூட ஆகலாம். பதிந்த கையோடு, பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகிற வெளிப்புறச் செல்கள் எச்.சி.ஜி என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் கலக்கத் தொடங்குகின்றன. அது போய்ச் சேர வேண்டிய இடம் சூலகம். முட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திசு உருவாகியிருக்கும். கருப்பையின் உள்சவ்வைத் தாங்கி நிறுத்தும் புரோஜெஸ்டிரானைச் சுரப்பது அதுதான். அதன் ஆயுள் சுமார் இரண்டு வாரம். அதன்பின் அது வாடும், சவ்வு கரையும், மாதவிலக்கு வரும். எச்.சி.ஜி வந்து சேர்ந்தால் மட்டும் அது வாடாது. கடுகைவிடச் சிறிய ஒரு கரு, தன்னைத் தாங்கும் சவ்வு கரைந்துவிடாதபடி தானே பார்த்துக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

இந்த ஹார்மோன் இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஆல்ஃபா சங்கிலி வேறு மூன்று ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது, அதைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். பீட்டா தனித்துவமானது. பரிசோதனைக்கு "பீட்டா" என்று பெயர் வந்தது அதனால்தான்.

கரு பதியும் நாள் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒருவருக்கு நான்கு நாள் தாமதமாகப் பதிந்திருந்தால், இரட்டிப்புக் கணக்கில் அவருடைய எண் மற்றவருடையதில் நாலில் ஒரு பங்காக இருக்கும். இரண்டு கருவும் நலமாகவே இருக்கலாம். அதனால்தான் மருத்துவர் 48 மணி நேரம் இடைவெளி விட்டு இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார். பார்க்க வேண்டியது ஏற்றத்தை.

எவ்வளவு ஏற்றம் போதும்? 1981-ல் வந்த ஓர் ஆய்வு, 48 மணி நேரத்தில் குறைந்தது 66 சதவீதம் என்று எல்லை வகுத்தது. அது வெறும் 20 பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. ஆரோக்கியமான கர்ப்பங்களிலேயே 15 சதவீதம் அந்த எல்லைக்குக் கீழே விழும்படிதான் கோடே கிழிக்கப்பட்டிருந்தது. 2004-ல் இன்னும் பெரிய ஆய்வு வந்தது. நல்லபடியாக வளர்ந்த கர்ப்பங்களில் மிக மெதுவான ஏற்றம் 53 சதவீதம் என்று அது காட்டியது. ஆரம்ப எண்ணைப் பொறுத்தும் எல்லை மாறும் என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் 2018 வழிகாட்டுதல்படி, ஆரம்ப எண் 1500-க்குக் கீழே இருந்தால் 49 சதவீதம், 1500 முதல் 3000 வரை 40, அதற்கு மேல் 33. இயல்பான கர்ப்பங்களில் 99 சதவீதம் இதைவிட வேகமாக ஏறும். ஆக, "இரட்டிப்பு" என்பது பலருக்கு நடப்பது. எல்லோரும் தாண்டியே ஆக வேண்டிய கோடு அல்ல.

இப்போது அந்த 190-க்கு வருவோம். 120-லிருந்து 58 சதவீத ஏற்றம். 1981-ன் கணக்கில் தோல்வி, இன்றைய கணக்கில் இயல்பு.

ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரத்தையும் பாருங்கள். திங்கள் மாலை 6 மணிக்கும் புதன் காலை 8 மணிக்கும் எடுத்திருந்தால் இடைவெளி 38 மணி நேரம்தான். அதே வேகத்தில் 48 மணி நேரம் ஆகியிருந்தால் ஏற்றம் 79 சதவீதம் வந்திருக்கும்! இரண்டு முறையும் ஒரே லேபில் எடுப்பதும் முக்கியம். ஒவ்வொரு கம்பெனியின் சோதனையும் இந்த ஹார்மோனின் வெவ்வேறு வடிவங்களைக் கொஞ்சம் வேறுவிதமாகப் பிடிக்கிறது. முடி வளர்ச்சிக்கென்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில வகைச் சோதனைகளில் அது எண்ணைக் குறைத்துக் காட்டும்.

சரி, 120 வெறும் 150 ஆகியிருந்தால்? ஆறுதலுக்காகப் பொய் சொல்லக் கூடாது. அந்த ஏற்றம் நல்ல அறிகுறி அல்ல. கரு வளராமல் நிற்கலாம், அல்லது கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், பதிந்திருக்கலாம். ஆனாலும் இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மூன்றாவது சோதனையும் ஸ்கேனும் அதற்குத்தான். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கருக்குழாய்க் கர்ப்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் எண் இயல்பாகவே ஏறும். எனவே எண் எதுவாக இருந்தாலும், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாடிப்படி ஏறியதாலோ, வேலைக்குப் போனதாலோ எண் மெதுவாக ஏறுவதில்லை. படுத்தே கிடப்பதால் வேகமாக ஏறுவதும் இல்லை. ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவானபோதே இருந்த குரோமோசோம் பிழை. புரோஜெஸ்டிரான் மாத்திரை சவ்வுக்குத்தான் உதவும். எச்.சி.ஜி-யைக் கூட்டாது.

190-ல் ஸ்கேன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து இன்னும் பயப்பட வேண்டாம். எண் 1500, 2000 என்று போன பிறகே, சிலருக்கு 3500 வரை போன பிறகே, கருவைச் சுற்றியிருக்கும் பை கருப்பைக்குள் தெரியும். வாரக் கணக்கில் (கடைசி மாதவிலக்கிலிருந்து) சொன்னால் ஐந்தாம் வாரத்தில் பை, ஆறாம் வாரத்தை ஒட்டி இதயத் துடிப்பு. துடிப்பைப் பார்த்துவிட்டால் மருத்துவர்கள் பொதுவாக பீட்டாவை விட்டுவிடுவார்கள். அப்புறம் 8 முதல் 11 வாரத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கும். அதற்குள் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரானைச் சுரக்கத் தொடங்கியிருக்கும். சூலகத்தை எழுப்பி வைத்திருக்கும் வேலை கருவுக்கு இனி இல்லை.