கீழே கச்சான், மேலே எதிர்க்காற்று

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஆடியில கச்சான் காத்து மேற்கேயிருந்து மண்ணை அள்ளி வீசுது. ஆனா அண்ணாந்து பார்த்தா, பஞ்சைப் பிய்ச்சுப் போட்ட மாதிரி இருக்கிற உச்சி மேகம் மட்டும் கிழக்கே கடல் பக்கமிருந்து வருதே, எப்படி?”

கூர்மையான கண். அவர் கண்டது வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டம்: கிழக்கிலிருந்து மேற்கே, உயரத்தில் ஆறுபோல் பாயும் வேகக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

சூடான காற்று விரியும், பள்ளிப் பாடம்தான். கோடையில் திபெத் பீடபூமியின் சூடும், பருவமழை மேகங்கள் விடும் வெப்பமும் வடக்கே காற்றுத் தூணை உப்பவைக்கின்றன. நிலநடுக்கோட்டுப் பக்கத் தூண் அவ்வளவு உப்பாது. அதனால் மேலே, ஒரே உயரத்தில், வடக்கே தலைக்கு மேல் மிஞ்சும் காற்று அதிகம், அழுத்தமும் கூடுதல். காற்று தெற்கே சரியப் பார்க்கும். பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்ப, மேற்கு நோக்கி ஓடுகிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இதை மொய்க் கணக்காக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காற்றடுக்கும் தன்னிடமுள்ள வடக்கு-தெற்கு வெப்ப வேறுபாட்டுக்கு ஏற்ப கிழக்குக் காற்றாக மொய் எழுதுகிறது. முதலில் விழும் மொய் கடனை அடைக்கவே போய்விடும். கடன் என்பது கீழே வீசும் கச்சான். அதனால் உயரம் ஏற ஏறக் கச்சான் தளர்ந்து ஓய்கிறது. அப்புறம் விழுவதெல்லாம் மிச்சம். கிழக்குக் காற்று அடுக்கடுக்காக வலுக்கிறது.

மொத்தத் தொகை எப்போது உச்சம்? கடைசி ஆள் எழுதிவிட்டு நகர்ந்த பிறகு. ஜெட்டின் நடுவிலும் அப்படியே: காற்று அங்கேதான் அதிவேகம், ஆனால் வடக்குக்கும் தெற்குக்கும் வெப்ப வேறுபாடு அங்கே ஏறக்குறைய இல்லை! அதற்கும் மேலே கணக்கு தலைகீழ். வடக்கு குளிர்ந்து, தெற்கு சூடாகிறது. இனி வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும் காலம், காற்றும் மெலிகிறது.

குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் மேலை ஜெட்டுக்கும் இதே கணக்குதான், திசை மட்டும் வேறு.

இதையெல்லாம் அளந்து சொல்வது கருவி கட்டிய பலூன். சென்னை மீனம்பாக்கத்தில் விடுகிறார்கள். ராசிபலனுக்குச் செலவாகும் நேரத்தில் பாதியும் காசில் கொஞ்சமும் கிடைத்தால், பாம்பன் பள்ளிப் பிள்ளைகள் கையாலேயே ஒன்று விடச் சொல்வேன்.

பலூன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆடி மாலையில் பரமக்குடிப் பக்கம் இடிமேகம் எழும்பினால் அதன் தலையைப் பாருங்கள். கச்சானை எதிர்த்து, மேற்கே நீண்டு கிடக்கும்.