புழுதி மேல் வைப்பர் போடாதீர்கள்

ஐப்பசியில் மாரி தொடங்கியதும் எங்கள் கராஜுக்கு ஒரே முறைப்பாட்டோடு வாகனங்கள் வரும். இரவில் எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிதறுகிறதாம். வீதியில் படுத்திருக்கும் மாடுகூடத் தெரிவதில்லையாம். பகலில் நேராகப் பார்த்தால் கண்ணாடியில் குறை எதுவும் இருக்காது. வெயிலுக்கு எதிரே சற்றுக் குனிந்து பாருங்கள்: வைப்பர் ஓடும் தடத்தில் வில் வில்லாக மெல்லிய கீறல்கள். போன கிழமை வாங்கிய வைப்பர் பிளேட்தான் காரணம் என்று பலரும் கடைக்காரரைத் திட்டுவார்கள். பாவம் அவர்.

கீறல் பெரும்பாலும் சோழகம் வீசும் ஆடி, ஆவணியிலேயே விழுந்துவிடுகிறது. கிரவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போனால் போதும், முன்கண்ணாடி சிவந்துவிடும். கை தானாகவே வைப்பரைப் போடும். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் தொட்டியிலோ சொட்டுத் தண்ணீர் இருக்காது. நல்ல றப்பர் கண்ணாடியைக் கீறாது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கீறும்: மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. றப்பரின் விளிம்பில் ஒட்டிய மணல் அரத்தாள் போலக் கண்ணாடியைத் தேய்க்கிறது.

பிளேட்டைத் தூக்கி, றப்பரின் விளிம்பை ஈரத் துணியால் ஒருமுறை உருவிப் பாருங்கள். துணியில் செம்மண் கோடாகப் படியும். விரலுக்கு நறநறவென்று மணல் தட்டுப்படும். துணியில் கறுப்பு வந்துகொண்டே இருந்தால், அல்லது விளிம்பு வெடித்து அலை அலையாக இருந்தால் வெயில் றப்பரைத் தின்றுவிட்டது என்று பொருள். நுனியில் றப்பர் கிழிந்து இரும்புச் சட்டம் வெளியே தெரிந்தால் அந்த வைப்பரை அன்றே கழற்றிவிடுங்கள். இங்கத்தைய வெயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது, புரட்டாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது.

புழுதி படிந்த கண்ணாடிக்கு மேலிருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு வைப்பர் போடுங்கள். உலர்ந்த துணியால் துடைப்பதும் அதே கீறலைத்தான் தரும். மாசியில் அறுவடை மெஷின் ஓடும் வயலோரம் இரவில் நிறுத்திய வாகனத்தில் நெல் சுணையும் பனியும் சேர்ந்து ஒட்டியிருக்கும். பனி ஈரம்தானே என்று காலையில் வைப்பரைத் தட்டிவிடுவார்கள். அந்த ஈரம் மணலைக் கழுவக் காணாது. வாஷர் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் சிறந்தது. சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாகப் படிந்து வாஷரின் துவாரத்தையும் அடைத்துவிடும். கண்ணாடி மினுங்கட்டும் என்று மண்ணெண்ணெயோ டீசலோ பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். றப்பர் ஊதிப்போகும், அவ்வளவுதான் பலன்.

பிளேட் மாற்றும்போது மடித்த சாக்கைக் கண்ணாடி மேல் போட்டுவிடுங்கள். பிளேட் இல்லாத வைப்பர் கை ஸ்பிரிங் வேகத்தில் வந்து அடித்தால் கண்ணாடி வெடித்துவிடும்.

கீறலில் நகம் கொழுவினால், பொலிஷ் போட்டு எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். அந்த அளவு ஆழத்துக்குத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, வீதி நெளிந்து தெரியும். கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

வான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஓடும் வானின் பின்புறம் சுழலும் காற்று புழுதியைப் பின்கண்ணாடியில்தான் கொண்டுவந்து அப்புகிறது. பின்வைப்பர் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து காயும். தண்ணீர் ஊற்றாமல் அதன் சுவிட்சைத் தொடவேண்டாம்.